ரோஜாவுக்குள் எங்கிருந்து வந்தது பவுடர் வாசம்?

கேள்வி: ஈவ் சாந் லொரான் நிறுவனத்தின் ‘பாரிஸ்’ என்னும் வாசனைத் திரவியம் எனக்குப் பரிசாகக் கிடைத்தது. ரோஜா வாசனை என்று சொல்லித்தான் தந்தார்கள். எனக்கோ ரோஜாவைவிட, முகப்பூச்சுப் பவுடர் டப்பாவைத் திறந்தவுடன் எழும் வாசமே முன்னால் நிற்கிறது. குறை என் மூக்கிலா, புட்டியிலா? தாங்கள் இதைப் பயன்படுத்தியதுண்டா?

பதில்: இரண்டிலும் குறையில்லை. பல ஆண்டுகளாக இதைப் பயன்படுத்தி வருகிறேன். முதல் முறை முகர்ந்தபோது எனக்கும் இதே ஐயம்தான் எழுந்தது. 1983இல் வெளிவந்த ‘பாரிஸ்’, ரோஜாவையும் வயலெட் பூவையும் அருகருகே நிறுத்திய படைப்பு. உருவாக்கியவர் சோபியா குரோய்ஸ்மன். ரோஜாவைத் தம் கையெழுத்தைப் போலவே ஆக்கிக்கொண்ட அவர், 1990இல் லான்கோம் நிறுவனத்துக்காக ‘த்ரெசோர்’ என்ற இன்னொரு புகழ்பெற்ற ரோஜா மணத்தையும் உருவாக்கினார். அதன் பெரும்பகுதி நான்கே மணப்பொருள்களால் ஆனது என்பதும், அந்த நான்கில் ஒன்று வயலெட் மணம் தரும் மெத்தில் அயனோன் என்பதும் இத்தொழிலில் இருப்பவர்கள் வியந்து பேசும் செய்தி.

பவுடர் வாசம் என்று நாம் சொல்வது உண்மையில் பவுடரின் வாசமே அன்று. முகப்பூச்சில் சேரும் கனிமத் தூளுக்கும் மாவுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான மணம் கிடையாது. ஐரிஸ் செடியின் கிழங்கை உலர்த்தி, பொடித்து அதில் கலந்தார்கள். அந்தக் கிழங்கின் மணம்தான் நம் நினைவில் பவுடரின் மணமாகப் பதிந்துவிட்டது. தோண்டியெடுத்தவுடன் அந்தக் கிழங்கு அவ்வளவாக மணப்பதில்லை. தோல் சீவி, ஆண்டுக்கணக்கில் உலரவிட்ட பிறகே அதனுள் ஐரோன் என்னும் மணப்பொருள் உருவாகிறது. எனவே அதன் விலையும் எட்டாத உயரத்தில் இருந்தது. ஃபெர்டினான்ட் டீமன், பவுல் குரூகர் என்ற இரு வேதியியலாளர்கள் அந்த மணத்தின் மூலத்தைத் தேடிப் போய், 1893இல் ஐரோனை ஒத்த, வயலெட் மணம் தரும் அயனோனைச் செயற்கையாக உருவாக்கினர். அதன் பிறகு வயலெட் மணம் மலிவாயிற்று. பவுடர், உதட்டுச் சாயம், சோப்பு என்று அது போகாத இடமில்லை. ஆகவே அயனோனுடன் வெனிலாவின் இனிப்பும் கஸ்தூரியின் மென்மையும் சேர்ந்து வரும்போதெல்லாம், மூக்கு நம்மைக் கேட்காமலேயே ‘பவுடர்’ என்று பெயர் சூட்டிவிடுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை ஒன்று உண்டு. பன்னீர் ரோஜாவின் எண்ணெயிலேயே இயற்கையாகச் சிறிதளவு அயனோன் இருக்கிறது. அதே எண்ணெயில் ஒரு சதவீதத்துக்கும் மிகக் குறைவாக இருந்துகொண்டே, ரோஜா மணத்தின் பெரும்பங்கைத் தூக்கிச் சுமக்கும் டமாசினோன் என்ற பொருளும், இந்த அயனோனும் நெருங்கிய உறவினர்கள். செடியில் உள்ள கரோட்டின் வகை நிறமிகள் சிதைவதால் பிறப்பவை இரண்டும். ஆகவே ‘பாரிஸ்’ ரோஜாவின் மேல் பவுடரைத் தூவவில்லை. ரோஜாவுக்குள் முன்பே இருந்த பவுடரைப் பெரிதாக்கிக் காட்டுகிறது என்றே நான் கொள்கிறேன்.

என் அனுபவத்தையும் கேட்டிருக்கிறீர்கள். தெளித்தவுடன் வருவது மணம் அன்று, நெடி. நறுக்கிய தண்டின் பச்சை வாடையோடு சற்றே மூக்கைக் கடிக்கும் கூர்மை அதில் இருக்கிறது, அந்த நிமிடங்களை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். கால் மணி நேரத்தில் ரோஜா விரிகிறது. அது செடியில் பூத்த, பனி படிந்த ரோஜா அன்று. பட்டுத் துணியில் தைத்த ரோஜா, அதுவும் உண்மைப் பூவைவிடப் பெரியது. இரண்டு மணி நேரம் கழித்து வயலெட் மெல்ல மேலேறி ரோஜாவின் விளிம்புகளையெல்லாம் மங்கலாக்குகிறது. புகை படிந்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிவதைப் போன்ற நிலை அது. எனக்கு இந்தப் புட்டி வேண்டியிருப்பதே அந்தக் கட்டத்துக்காகத்தான். மறுநாள் காலை துணியில் எஞ்சுவது கஸ்தூரியும் சந்தனமும் கலந்த ஒரு வெதுவெதுப்பு. அப்போது ரோஜாவைத் தேடினாலும் கிடைக்காது.

கேள்வி: பவுடர் மணமுள்ள ரோஜாத் திரவியங்களைத் தெளித்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. உடன் இருப்பவர்களோ, அறைக்குள் நுழையும்போதே மணக்கிறது என்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: அவர்கள் சொல்வதே சரி. அயனோன் மணத்துக்கு மூக்கு விரைவில் பழகிவிடும். வயலெட் பூவை முகர்பவர்களுக்கு அதன் மணம் சட்டென்று மறைந்து, சிறிது நேரத்தில் திரும்பி வருவதாகத் தோன்றுவது இதனால்தான். இங்கே மறைவது மணம் அன்று, நம் மூக்கின் உணர்வு. இன்னொன்றும் உண்டு: அயனோனில் ஒரு வகையான பீட்டா அயனோனை உணரும் திறன் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை என்பதையும், மூக்கில் மணத்தைப் பற்றி உணரும் ஓர் ஏற்பியின் மரபணு வேறுபாடே அதற்குக் காரணம் என்பதையும் 2013இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அதே பொருள் சிலருக்குப் பூமணமாகவும், சிலருக்குப் புளிப்பு நெடியாகவும் படுகிறது. கஸ்தூரி மணம் தரும் செயற்கைப் பொருள்களிலும் சிலவற்றைச் சிலரால் முகரவே முடியாது.

மணம் போய்விட்டதென்று எண்ணி மீண்டும் தெளித்துக்கொள்வதுதான் இதில் நாம் செய்யும் பிழை. நானும் அப்படி ஒருமுறை நான்கு முறை தெளித்துக்கொண்டு நெடுந்தூரக் கார்ப் பயணம் ஒன்றில் ஏறினேன். அரை மணி நேரத்தில், அருகில் இருந்தவர் மிகுந்த பணிவோடு, கண்ணாடியைச் சற்று இறக்கலாமா என்று கேட்டார். அன்றிலிருந்து தெளித்த பின் வேறு அறைக்குப் போய்ப் பத்து நிமிடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து முகர்ந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அறையில் தங்கியிருக்கும் மணமே விடை சொல்லிவிடும்.

கேள்வி: என் பெரியம்மா வைத்திருந்த பழைய புட்டியும் நான் புதிதாக வாங்கியதும் ஒரே பெயர், ஒரே நிறுவனம், மணமோ வேறு. எனக்குக் கிடைத்தது போலியா?

பதில்: மணம் மாறியிருப்பதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வாமையோ வேறு தீங்கோ தரும் பொருள்கள் மீது கட்டுப்பாடுகள் வரும்போதெல்லாம் நிறுவனங்கள் பழைய கலவைகளைத் திருத்துகின்றன. லில்லி மணத்துக்காகப் பல திரவியங்களில் சேர்க்கப்பட்டு வந்த லிலியால் என்னும் பொருள், 2022 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுப் பொருள்களில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய புட்டியும் மாறாமல் இருந்திருக்காது: வெளிச்சத்திலும் வெப்பத்திலும் முதலில் கெடுவது மேலே மிதக்கும் எலுமிச்சை வகை மணங்கள்தான், வெனிலா மணம் தரும் வெனிலின் உள்ள கலவையின் நிறமும் நாளாக ஆகக் கருக்கும். இரண்டையும் தெளித்து, முதல் அரை மணி நேரத்தை விட்டுவிட்டு, மூன்றாம் மணி நேரத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். என் மூக்குக்குப் பழையது அடர்த்தி, புதியது மெலிவு. நாள்தோறும் அணிவதற்குப் புதியதே வசதி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: பவுடர் மணமுள்ள ரோஜாவை ஆண்கள் அணியலாமா?

பதில்: கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளப்பட்டவன் நான்தானே! இப்போதெல்லாம் சட்டையின் உட்புறத்தில் ஒரே ஒரு முறை தெளித்துக்கொள்கிறேன்.