பிக்கப்பை உயர்த்தலாமா? சில கேள்விகள், பதில்கள்

என் இசுசு வி-கிராஸ் பிக்கப் வண்டியை 2 இன்ச் உயர்த்த லிஃப்ட் கிட் போட ஆசை. போடலாமா?

முதலில் எதற்கு என்று சொல்லுங்கள். பார்க்க கெத்தாக இருக்கவா, பாறை ஏறவா? முன்பக்கம் காயில் ஸ்பிரிங் மேல் ஸ்பேசர் வைத்து உயர்த்துவதுதான் மலிவான வழி, ஆனால் அப்படி உயர்த்தினால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் சாய்ந்து நிற்கும், அந்தக் கோணத்திலேயே ஓடி ஓடி அதன் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும். சக்கரத்தின் உள்பக்கம் கறுப்பாக கிரீஸ் தெறித்திருந்தால் பூட் போச்சு என்று அர்த்தம். மாட்டிய அன்றே வீல் அலைன்மென்ட் பாருங்கள், இல்லாவிட்டால் டயர் ஒரு ஓரமாகத் தேயும். என்னைக் கேட்டால், உயரத்தை விட்டுவிட்டு அந்தக் காசில் நல்ல ஷாக் அப்சார்பர் போடுங்கள்.

255/60 R18 டயருக்குப் பதில் 265/65 R18?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய டயரின் விட்டம் சுமார் 763 மி.மீ., புதியது 802. அதாவது 5 சதவீதம் பெரிசு. தரையிலிருந்து கிடைக்கும் கூடுதல் உயரம் அதில் பாதிதான், 19 மி.மீ. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது நீங்கள் 84-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். இழுவை குறையும், ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் உள்ளே உரசவும் வாய்ப்பு உண்டு. 265/60 போட்டால் வித்தியாசம் 1.6 சதவீதம்தான், தலைவலி இல்லை. ஸ்டெப்னியையும் அதே அளவில் வாங்குங்கள், எல்லோரும் மறப்பது இதைத்தான்.

லோடு ஏற்றினால் பின்னால் உட்கார்ந்துவிடுகிறது. பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போடலாமா?

நானும் போட்டேன், இரண்டு பட்டை. லோடோடு ராஜா மாதிரி போனது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, மழையில் ஒருநாள் வெறும் வண்டியோடு இறங்கும்போது ஒரு வளைவில் பின்சக்கரம் துள்ளி நகர்ந்தது பாருங்கள், அன்றைக்கே ஒரு பட்டையைக் கழற்றிவிட்டேன். வெறும் வண்டியில் கெட்டி ஸ்பிரிங் அமுங்காது, சக்கரம் ரோட்டைப் பிடிக்காது. தினமும் லோடு என்றால் ஒரு பட்டை சரி. பட்டைகளை அச்சோடு சேர்த்துக் கட்டும் யூ-போல்ட்டைப் புதுசாகப் போட்டு, சில நூறு கி.மீ. ஓடியதும் மறுபடி முறுக்குங்கள். அப்புறம், பட்டை கூடினாலும் ஆர்.சி.யில் உள்ள எடை வரம்பு கூடிவிடாது. பிரேக்கும் அதே பழைய பிரேக்தான்.

டீசல் புகையில் கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப்-ஐ எடுத்துவிட்டு நேர் பைப் போட்டால் இழுவை கூடுமாமே?

சத்தம் கூடும். பிஎஸ்-6 வண்டியில் அந்த ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தைப் பார்க்கும் சென்சார் இருக்கிறது, ஃபில்டரைக் கழற்றினால் இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியு சும்மா இருக்காது, விளக்கு எரியும், வண்டி சக்தியைக் குறைத்துக்கொண்டு நொண்டும். அதை ஏமாற்ற இசியுவையும் நோண்ட வேண்டும், வாரன்டி போகும், புகைச் சோதனையிலும் மாட்டுவீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற விடாது. அனுமதியில்லாமல் மாற்றினால் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்த்தும் கிடைக்கலாம்.

இழுவை குறைந்தால் ஏர் ஃபில்டரையும் இன்டர்கூலர் ஹோஸையும் பாருங்கள். ஹோஸில் எண்ணெய் ஈரத்தோடு ஒரு கீறல் இருந்தாலே டர்போ காற்று வீணாகும். டிபிஎஃப் விளக்கு அடிக்கடி வருகிறதா? ஊருக்குள்ளேயே ஓட்டுகிறீர்கள். கரி எரிய அந்த ஃபில்டர் சுமார் 600 டிகிரி சூடாக வேண்டும், பைபாஸில் நிறுத்தாமல் ஒரு ஓட்டம் ஓட்டுங்கள். ஆயிலும் சாம்பல் குறைவான, மேனுவலில் சொன்ன கிரேடாகவே இருக்கட்டும்.

சேற்றுக்கான மட் டயரா, எல்லாப் பாதைக்குமான ஆல்-டெரெய்னா?

வாரத்தில் ஆறு நாள் தார் ரோடுதானே? ஆல்-டெரெய்ன்.