மஞ்சள் பச்சையான பிறகுதான் சுண்ணாம்பு

பிளேட்டிங் (உலோக முலாம் பூசும்) பட்டறை, தோல் பட்டறைக் கழிவுநீரில் உலோகம் பிரிப்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

அண்ணே, குரோம் கழுவின தண்ணிக்குச் சுண்ணாம்பு போட்டு பி.எச். 9 ஆக்கினோம். தெளிஞ்ச பிறகும் மஞ்சளாவே நிக்குது. சுண்ணாம்பு பத்தலையா?

மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் அந்த மஞ்சள் போகாது தம்பி. அது ஹெக்ஸா குரோம், அதாவது ஆறு இணைதிறக் குரோம், சுண்ணாம்புக்குப் படியாது. அதை முதலில் படியக்கூடிய மூன்று இணைதிறக் குரோமாக மாற்ற வேண்டும். அதற்குக் கந்தக அமிலம் விட்டு பி.எச்.சை (அமில, கார அளவை) 2க்கும் 3க்கும் நடுவில் இறக்குங்கள். பிறகு சோடியம் மெட்டாபைசல்பைட்டைக் கரைத்து, கலக்கிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் செய்து பாருங்கள்: மஞ்சள் மங்கும், பாசி நிறம் வரும், பிறகு தெளிந்த பச்சை. அரை மணி நேரம் கலக்க விடுங்கள். கண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஹெக்ஸா குரோமுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வரம்பு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்தான். டைஃபீனைல் கார்பசைடு என்ற சோதனை மருந்தை விட்டு ஊதா தட்டினால் இன்னும் மிச்சம் இருக்கிறது. தட்டாவிட்டால் சுண்ணாம்புப் பால் விட்டு பி.எச்.சை 8.5க்கு ஏற்றுங்கள். சாம்பல் பச்சையில் திரிதிரியாகத் திரண்டு இறங்கும்.

நிக்கல், துத்தநாகம், குரோம் மூணும் ஒரே குழாயில வருது சார். ஒரே பி.எச். போதுமா?

போதாது. குரோம் 8.5 அருகே நன்றாகப் படியும், துத்தநாகம் 9 முதல் 9.5க்குள். நிக்கலுக்கு 10க்கு மேல் வேண்டும். நிக்கலுக்காக ஏற்றினால் படிந்த குரோம் திரும்பக் கரையும். குழாயைப் பிரிக்கும் செலவுதான் கடைசியில் மலிவு.

சயனைடு துத்தநாகத் தண்ணியையும் அந்த அமிலத் தொட்டியிலயே விடலாமா?

கூடவே கூடாது! அமிலம் பட்டதும் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும், நிற்கிற ஆளைச் சாய்த்துவிடும். வாசனை காட்டிக்கொடுக்கும் என்று இருந்துவிடாதீர்கள், பலருக்கு அது மூக்கில் படவே படாது. தனித் தொட்டியில் பி.எச். 10க்கு மேல் வைத்து ஹைப்போகுளோரைட்டால் சயனைடை முறித்த பிறகே மற்றது.

ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பட்டறை ஐயா. குரோமைத் திரும்ப எடுக்க முடியுமா?

தாராளமாக. தோலுக்குப் போடுவது மூன்று இணைதிறக் குரோம், மெட்டாபைசல்பைட்டு தேவையில்லை. தோல் பதனிடும் டிரம்மிலிருந்து வடியும் குரோம் தண்ணீரை மற்றதோடு கலக்காமல் பிடித்து, மக்னீசியம் ஆக்சைடு போடுங்கள். சேறு இறுகிப் படியும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் குரோம் சல்ஃபேட், மறுபடி டிரம்முக்கே. பாலாற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த ஊர்களுக்கு இதைவிட நல்லது வேறில்லை.

தண்ணியப் பிழியற ஃபில்டர் பிரஸ்ஸில வர்ற சேத்தை வேலி ஓரம் கொட்டலாமா?

வேண்டாம். அத்தனை உலோகமும் அதற்குள்தான் இருக்கிறது. மழை அதைக் கிணற்றில் சேர்க்கும். மூட்டை கட்டி, கூரைக்குக் கீழே சிமென்ட் தரையில் அடுக்கி, எடை எழுதி, கும்மிடிப்பூண்டி அபாயகரக் கழிவு நிலையத்துக்கு அனுப்புங்கள்.