ஐயாயிரம் முகவரிகளை விலைக்கு வாங்கலாமா?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கடற்கரை ஊர்களின் மீன் சமையலைப் பற்றி வாரம் ஒரு முறை ஆங்கிலத்தில் மின்மடல் அனுப்பி வருகிறேன். பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழி. ஒன்றரை ஆண்டாகியும் சந்தாதாரர்கள் 200-ஐத் தாண்டவில்லை. புதுச்சேரியில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் செய்யும் ஒருவர், 18,000 ரூபாய்க்கு 5,000 மின்னஞ்சல் முகவரிகள் தருவதாகவும், ஒவ்வொரு மடலையும் வெள்ளைக்காரர் எழுதியதுபோல் திருத்தித் தருவதாகவும், கட்டணச் சந்தாவுக்கு வேறொருவர் பெயரில் கணக்கு ஏற்பாடு செய்வதாகவும் சொல்கிறார். என் ஆங்கிலம்தான் தடையா? பணம் கட்டலாமா?"

கட்ட வேண்டாம். மூன்றில் ஒன்றுகூட உங்களுக்குப் பயன்படாது. இரண்டு கெடுதலே செய்யும். இந்த வியாபாரம் உங்களைப் போன்றவர்களின் ஆங்கில அச்சத்தை நம்பித்தான் நடக்கிறது என்பதால், அதை முதலில் பார்த்துவிடுவோம்.

நீங்கள் இணைத்திருந்த மடல்களைப் படித்தேன். பெயர்ச்சொல்லுக்கு முன் வர வேண்டிய சிறு சொற்கள் சில இடங்களில் விடுபட்டிருக்கின்றன. ஒரே பத்தியில் இறந்தகாலமும் நிகழ்காலமும் கலந்திருக்கின்றன. இவற்றுக்காக எவரும் சந்தாவை விலக்கிக்கொள்வதில்லை. உலகில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களைவிட இரண்டாம் மொழியாகக் கற்றுப் பயன்படுத்துவோரே அதிகம். அதிலும் உங்கள் மடலுக்கு இயல்பாக வாய்க்கக்கூடிய வாசகர்கள், சிங்கப்பூரிலும் லண்டனிலும் டொராண்டோவிலும் வளர்ந்த, தமிழ் படிக்கத் தெரியாத, ஆனால் ஆயாவின் குழம்பு வாசனையை மறக்காத பிள்ளைகள். பிரான்சில் குடியேறிய புதுச்சேரிக் குடும்பங்களின் இளைய தலைமுறை. அவர்களில் யாரும் உங்கள் இலக்கணத்துக்கு மதிப்பெண் போட உட்காரவில்லை.

தடை வேறிடத்தில் இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் பற்றிய மடலை எடுத்துக்கொள்வோம். இந்தியாவின் உணவுப் பன்முகத்தன்மை, கடலின் பெருமை, மீனில் உள்ள சத்து என்று நான்கு பத்திகள் ஓடுகின்றன. ஐந்தாவது பத்தியில்தான் விஷயம் வருகிறது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாதபோது துறைமுகத்துக்கு வருவது சிறு படகுகள் கொண்டுவரும் மீன் மட்டுமே என்பதும், அந்த வாரங்களில் உங்கள் மாமியார் நெத்திலிக் கருவாட்டை அரிசி களைந்த தண்ணீரில் ஊறவைத்து, தலையைக் கிள்ளிப் போட்டு, கத்தரிக்காயோடு சேர்த்துக் குழம்பு வைப்பார் என்பதும். இந்தப் பத்தியை உலகில் வேறு யாராலும் எழுத முடியாது. அதை முதலில் வைத்து, மேலே உள்ள நான்கையும் நீக்கிவிடுங்கள். வெள்ளைக்காரர்போல் திருத்துகிறேன் என்பவர் செய்யப்போவது, உங்கள் மடலைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் போட்டு எடுப்பதுதான். அது அந்த நான்கு பத்திகளுக்கு மெருகேற்றிவிட்டு, மாமியாரின் கருவாட்டை ஒரே வரியாகச் சுருக்கிவிடும். வாக்கியங்களைச் சிறிதாக வைத்து, உரக்கப் படித்துப் பார்த்து, இலவச எழுத்துப்பிழைத் திருத்தியில் உங்களுக்குப் புரிகிற திருத்தங்களை மட்டும் ஏற்றுக்கொண்டால் போதுமானது. அளவுகளிலும் வேகவைக்கும் நேரத்திலும் மட்டும் பிழை கூடாது. தலைப்பில் மீனின் ஊர்ப்பெயரையும் ஆங்கிலப் பெயரையும் சேர்த்தே கொடுங்கள், இரண்டையும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி அந்த 5,000 முகவரிகள். இணையதளங்களில் நிரல்கள் மூலம் வாரி எடுத்தவை, எந்தக் காலத்திலோ நடந்த கண்காட்சியில் சேர்த்தவை, கைவிடப்பட்டவை என எல்லாம் கலந்த ஒரே கோப்பை ஊர் ஊராகப் பலருக்கு விற்பதுதான் இந்தத் தொழில். அந்தக் கோப்புக்கு மடல் அனுப்பினால் ஒரு பகுதி முகவரி இல்லை என்று திரும்பி வரும்; கிடைத்தவர்களில் பலர் உங்களை யாரென்று அறியாமல் ஸ்பேம் என்று அழுத்துவார்கள். கைவிடப்பட்ட முகவரிகளில் சிலவற்றை மின்னஞ்சல் நிறுவனங்கள் பொறியாகவே வைத்திருக்கின்றன. அவற்றுக்கு மடல் அனுப்புகிறவர் அனுமதி பெறாதவர் என்பது அந்தக் கணமே தெரிந்துவிடும். நாளுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோரின் ஸ்பேம் புகார் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது என்று 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் விதித்திருக்கிறது. அதாவது ஆயிரம் மடலுக்கு மூன்று புகாரே வரம்பு. அந்த எண்ணிக்கையை எட்டாத சிறிய அனுப்புநருக்கும் புகார் கூடக்கூட மடல்கள் குப்பைப் பெட்டிக்குப் போகத் தொடங்கும். அப்போது பாதிக்கப்படுவது விருப்பத்தோடு சேர்ந்த அந்த 200 பேரும்தான். மடல் அனுப்ப உதவும் மெயில்சிம்ப் போன்ற தளங்கள், விலைக்கு வாங்கிய பட்டியலை ஏற்றுவதையே தடைசெய்திருக்கின்றன. கணக்கு முடங்கினால் முகவர் தொலைபேசியை எடுக்கமாட்டார்.

அவர் தம் வாடிக்கையாளர்களின் திறப்பு விகிதம், அதாவது மடலைப் பெற்றவர்களில் திறந்து பார்த்தவர்கள், 70 விழுக்காடு என்று ஒரு திரைப்பிடிப்பைக் காட்டியிருப்பார். ஆப்பிள் நிறுவனம் 2021-இல் கொண்டுவந்த தனியுரிமை ஏற்பாட்டின்படி, அதன் மின்னஞ்சல் செயலியில் மடல் பெறும் வாசகர் அதைத் தொடாவிட்டாலும் அதிலுள்ள படங்கள் முன்கூட்டியே இறக்கப்பட்டு, மடல் திறக்கப்பட்டதாகக் கணக்கில் ஏறிவிடும். ஆகவே அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. எத்தனை பேர் பதில் எழுதுகிறார்கள், எத்தனை பேர் மற்றவருக்கு அனுப்புகிறார்கள் என்பதைப் பாருங்கள்.

முகவரியை நீங்களே பட்டியலில் ஏற்றக் கூடாது என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. வார இறுதிகளில் புதுச்சேரியில் சுற்றுலாப் பயணிகளுக்குச் சமையல் வகுப்பு நடத்துவதாகவும், வந்தவர்கள் ஒரு நோட்டில் மின்னஞ்சல் எழுதிவைத்துப் போவதாகவும் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்த நோட்டுதான் உங்களிடம் உள்ள பெருஞ்செல்வம், ஆனால் அதிலும் பிரித்துப் பார்க்க வேண்டும். மடல் வேண்டும் என்று சொல்லி எழுதியவரை ஏற்றலாம். அன்று செய்த குழம்பின் குறிப்பை அனுப்பச் சொல்லி எழுதியவர் மடலுக்குச் சம்மதிக்கவில்லை. அவருக்குக் குறிப்பை அனுப்பி, அதன் அடியில் மடலில் சேர்வதற்கான இணைப்பை வைத்து, முடிவை அவரிடம் விடுங்கள். புகைப்படம் அனுப்புவதற்காக வாங்கிய முகவரியும் அப்படித்தான். மடல் வேண்டும் என்று கேட்டவராகவே இருந்தாலும், எழுதி ஓராண்டு கடந்திருந்தால் நேரே ஏற்றாமல், எந்த வகுப்பில் சந்தித்தீர்கள் என்பதை நினைவூட்டித் தனி மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை, ஏனெனில் 2018 முதல் நடைமுறையில் உள்ள அவர்களுடைய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், சம்மதம் தெளிவாகப் பெறப்பட்டது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டியிருக்கும். ஆகவே இனி அந்த நோட்டின் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், வாரம் ஒரு மடல் வரும் என்றும் வேண்டாதபோது நிறுத்திக்கொள்ளலாம் என்றும் எழுதி, தேதி போட்டு வையுங்கள். கையெழுத்து புரியாத முகவரியை ஊகித்து ஏற்ற வேண்டாம்.

வளர்ச்சிக்கு வேறு வழி என்னவென்றால், உங்கள் அளவிலேயே உள்ள மற்ற மடல்காரர்கள்தான். சப்ஸ்டாக் போன்ற தளங்களில் ஒரு மடலில் சேர்கிறவருக்கு அதன் ஆசிரியர் பரிந்துரைக்கும் பிற மடல்களும் காட்டப்படும். இலங்கைச் சமையல், கேரளக் கடற்கரை, புலம்பெயர்ந்தோர் வாழ்க்கை என்று எழுதும் சிறிய மடல்களைப் படித்து, பிடித்தவற்றை நீங்கள் முதலில் பரிந்துரைத்து, பிறகு அவர்களுக்கு எழுதுங்கள். நீ என்னைப் பரிந்துரை, நான் உன்னைப் பரிந்துரைக்கிறேன் என்று கூட்டம் சேர்க்கும் வாட்ஸ்அப் குழுக்களில் மட்டும் சேராதீர்கள். அங்கிருந்து வருகிறவர்கள் யாரும் படிப்பதில்லை.

கட்டணச் சந்தாவைப் பற்றிப் பேசினாலே எனக்குப் பொறுமை போய்விடுகிறது. சப்ஸ்டாக்கில் பணம், ஸ்ட்ரைப் என்கிற இணையக் கட்டண நிறுவனத்தின் வழியாகத்தான் வர வேண்டும். ஸ்ட்ரைப்போ 2024 மே முதல் இந்தியாவில் புதிய கணக்குகளை அழைப்பின்பேரில் மட்டுமே திறக்கிறது. சந்தாத் தொகையைக் கார்டிலிருந்து மாதந்தோறும் தானாகப் பிடிப்பதற்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் கொண்டுவந்த விதிகளால், வெளிநாட்டுத் தளங்களுக்கான கட்டணங்கள் இங்கே ஏராளமாக மறுக்கப்பட்டன. மோசடியைத் தடுக்க விதி வேண்டும்தான். ஆனால் மீன் குழம்புக்காக லண்டனிலிருந்து வரும் ஐந்து டாலருக்கு, எந்தச் சரக்கை ஏற்றுமதி செய்தீர்கள் என்று கேட்கும் வங்கி எழுத்தரிடம் போய் மின்மடல் என்றால் என்னவென்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளியில்தான் வேறொருவர் பெயரில் கணக்கு என்கிற தரகர்கள் முளைக்கிறார்கள். அந்தக் கணக்கில் வரும் பணம் அந்த வேறொருவர் கைக்குத்தான் போகும். அவர் தராவிட்டாலும், கணக்கு முடக்கப்பட்டாலும் உரிமை கோர உங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது. உள்நாட்டு வாசகர்களுக்கு யுபிஐ மூலம் ஆண்டுக்கு ஒரே கட்டணம், வெளிநாட்டு வாசகர்களுக்கு உங்கள் பான் எண்ணில் திறந்த பேபால் வணிகக் கணக்கு என்று வைத்துக்கொண்டால் இப்போதைக்குப் போதும். அதையும் சந்தாதாரர்கள் ஓராயிரத்தை நெருங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, பரிசோதித்துப் பார்ப்பதற்கென்று உங்கள் மடல் தளத்தின் கடவுச்சொல்லை அந்த முகவரிடம் கொடுத்திருக்கிறீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால், இன்றே அதையும் அதனோடு இணைந்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் மாற்றி, இரண்டிலும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, சந்தாதாரர் பட்டியலின் நகலை உங்கள் கணினியில் இறக்கி வைத்துக்கொண்டு, அதன் பிறகு அவருக்கு வேண்டாம் என்று பதில் சொல்லுங்கள்.