கனடாக்காரர்கள் அவ்வளவு நல்லவர்களா?

(பதில் சொல்பவர் பாளையங்கோட்டையில் பிறந்தவர். டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் குடியிருக்கிறார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கனடாவைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.)

என் மகன் படிப்புக்காக டொராண்டோ போகிறான். வருஷம் பூராவும் பனிதான், வெயிலையே பார்க்க முடியாது என்கிறார்களே?
– ஒரு தாய், தேனி

உங்களை யாரம்மா இப்படிப் பயமுறுத்தியது? ஜூலையில் இங்கே 30 டிகிரி சாதாரணம். காற்றில் ஈரப்பதமும் சேர்ந்துகொண்டால் 40 டிகிரி மாதிரி புழுங்கும். பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் ஏசி கிடையாது. குளிரை மனசில் வைத்துக் கட்டிய வீடுகள், ஆகஸ்டில் உள்ளே இருக்க முடியாது. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், டொராண்டோ இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தைவிடக் கொஞ்சம் தெற்கே இருக்கும். மேற்கே வான்கூவர் பக்கம் போனால் குளிர்காலம் என்பது பெரும்பாலும் மழைதான். அதே மாகாணத்தில் லிட்டன் என்ற சின்ன ஊரில் 2021 ஜூன் 29 அன்று 49.6 டிகிரி அடித்தது. மறுநாள் அந்த ஊரே காட்டுத்தீயில் எரிந்துபோனது.

குளிர் பொய் என்று சொல்லவில்லை. ஜனவரியில் சில நாள் மைனஸ் 15, மைனஸ் 20 வரும். ஆனால் பனிக்கு இங்கே யாரும் அசரமாட்டார்கள், இயந்திரம் வந்து வழித்துக்கொண்டு போய்விடும். எங்களை மாதிரி ஓட்டுநர்கள் பயப்படுவது உறைமழைக்கு. விழும்போது மழை, தரையைத் தொட்டதும் கண்ணாடி. 2013 டிசம்பரில் அப்படி ஒரு ஐஸ் புயல் வந்து, மரக்கிளைகள் முறிந்து, டொராண்டோவில் மட்டும் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. சாதாரணமாக மோசமான நாளில் என்ன நடக்கும் தெரியுமா? விடிகாலையில் ‘இன்று பஸ் கிடையாது’ என்று அறிவிப்பு வரும், ஆனால் பள்ளிக்கூடம் திறந்திருக்கும். பிள்ளையைக் கொண்டுபோய் விடுவது பெற்றோர் பாடு. எனக்கு அன்றைக்குத் தூக்கம்.

மகனுக்குச் சென்னையில் ஜெர்கின் வாங்கிப் பெட்டியை நிறைக்காதீர்கள். இங்கே வந்து வாங்கட்டும். ஜெர்கினைவிட முக்கியம் வழுக்காத அடிப்பாகம் உள்ள பூட்ஸ்.

கனடாவில் இன்னும் பனி வீட்டில் வசிக்கிறார்களா?
– பள்ளி மாணவர், விருதுநகர்

இல்லை தம்பி. அது வடதுருவப் பக்கத்துப் பூர்வகுடிகளான இன்யூட் மக்கள், முக்கியமாக வேட்டைக்குப் போகும் இடத்தில், இறுகிய பனியை அறுத்துக் கட்டிக்கொண்ட தங்குமிடம். அவர்கள் பெரும்பான்மையாக வாழும் நுனாவுட், 1999 ஏப்ரல் 1 அன்று தனிப் பிரதேசமாக ஆனது. அங்கே வீடு, பள்ளிக்கூடம், சட்டசபை எல்லாம் உண்டு. மற்றக் கனடாவிலிருந்து அங்கே போகச் சாலைதான் இல்லை. தக்காளிகூட விமானத்திலோ கப்பலிலோதான் போக வேண்டும். அவர்களிடம் விசாரிக்க வேண்டியது காய்கறி விலையை.

கனடாக்காரர்கள் உலகத்திலேயே மரியாதையானவர்களாமே? எதற்கெடுத்தாலும் சாரி சொல்வார்களாமே?
– வாசகர், கும்பகோணம்

இந்த ஒரு நற்பெயரைத்தான் நான் கொஞ்சம் சுரண்டிப் பார்க்க ஆசைப்படுகிறேன். கனடாவில் எப்போதும் பனி என்று நீங்கள் நம்பினால் யாருக்கும் நஷ்டமில்லை. கனடாக்காரர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று நம்பி வந்து இறங்குகிறவர்கள்தான் அடிபடுகிறார்கள்.

சாரி சொல்வது நிஜம். நீங்கள் அவர் காலை மிதித்தாலும் அவர்தான் சாரி சொல்வார். பின்னால் வருபவருக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். டவுன் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குவார்கள். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 2009-இல் இதற்கென்று ஒரு சட்டமே போட்டார்கள். நீங்கள் மன்னிப்புக் கேட்டதைச் சாட்சியாகக் காட்டி, தப்பு உங்களுடையதுதான் என்று சிவில் வழக்கில் வாதாட முடியாது. அதனால் சாரிக்குச் செலவும் இல்லை.

இனி ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். பள்ளிப் பேருந்து நின்று, சிவப்பு விளக்கு மின்னி, பக்கவாட்டில் ‘ஸ்டாப்’ பலகை விரிந்துவிட்டால், நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் இரண்டு பக்க வண்டிகளும் நின்றே ஆக வேண்டும். மீறினால் முதல் தடவையே 400 முதல் 2,000 டாலர் வரை அபராதம், லைசென்ஸில் 6 கரும்புள்ளி. அப்படியும் தாண்டிப் போவார்கள். படியில் ஐந்து வயதுப் பிள்ளை ஒரு காலை வைத்திருக்கும். நான் ஹாரனை அழுத்தினால், கையைத் தூக்கி சாரி காட்டிக்கொண்டே போவார் மனிதர்!

பக்கத்து வீட்டுக்காரரையும் கேளுங்கள். டொராண்டோவில் வீட்டு முன் புல் 20 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தால் விதிமீறல். அதை அவர் நேரில் சொல்லமாட்டார். ‘இன்றைக்கு நல்ல வெயில்’ என்று சிரித்துப் பேசிவிட்டு, உள்ளே போய் மாநகராட்சியின் புகார் எண்ணான 311-க்கு போன் போடுவார். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவாக இருந்தால் இதே விஷயத்துக்கு மூன்று வீடு கேட்கச் சண்டை நடக்கும், சாயங்காலம் சமாதானமும் ஆகிவிடும். எது மேல் என்று நான் இன்னும் முடிவு பண்ணவில்லை.

வேலை தேடும்போது இந்த மரியாதை இன்னும் நன்றாகப் புரியும். ‘உங்கள் அனுபவம் அருமை, ஆனால் கனடா அனுபவம் இல்லையே’ என்று மிக இனிமையாகத் திருப்பி அனுப்புவார்கள். ஊரில் கணக்காளராக இருந்தவர் இங்கே கிடங்கில் பெட்டி தூக்குவார். இப்படிக் கேட்பதே பாகுபாட்டில் சேரும் என்று ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013-இல் கொள்கை வகுத்தது. அதற்குப் பிறகும் அதே பேச்சை வேறு வேறு விதமாகக் கேட்டவர்கள் எங்கள் கட்டடத்திலேயே இருக்கிறார்கள்.

கோபமே வராத ஜனங்கள் என்றும் நினைக்க வேண்டாம். 2011 ஜூனில் ஹாக்கி இறுதி ஆட்டத்தில் தோற்றதற்காக வான்கூவர் நகரத்தின் நடுவே காரைக் கொளுத்திக் கடைகளைச் சூறையாடினார்கள். இதெல்லாம் சில்லறை. பூர்வகுடிப் பிள்ளைகள் 1,50,000 பேருக்கு மேல் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு விடுதிப் பள்ளிகளில் அடைக்கப்பட்டார்கள். தாய்மொழி பேசினால் அடி. ஆயிரக்கணக்கானவர்கள் வீடு திரும்பவே இல்லை. கடைசிப் பள்ளிகள் மூடியது 1990-களில்தான், ரொம்பப் பழைய கதை இல்லை. 2008-இல் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். செப்டம்பர் 30 அன்று என் பஸ்ஸில் ஏறிய பிள்ளைகள் அந்த நினைவாக ஆரஞ்சு நிறச் சட்டை போட்டிருப்பார்கள். அந்தப் பள்ளிகளை நடத்தியவர்களும் ‘ப்ளீஸ்’, ‘தேங்க் யூ’ சொல்லி வளர்ந்தவர்கள்தான்.

இருந்தாலும் அகதிகளுக்குக் கதவைத் திறந்துவிட்ட நாடு அல்லவா? நம் தமிழர்களே சாட்சி.
– ஆசிரியர், ராமநாதபுரம்

சாட்சிதான், இரண்டு பக்கத்துக்கும். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழர்களை உள்ளூர் மீனவர்கள் கரை சேர்த்தார்கள். அவர்கள் இங்கேயே வாழ அனுமதிக்கப்பட்டார்கள். அதே நாட்டுக்கு 2010 ஆகஸ்டில் எம்.வி. சன் சீ கப்பலில் 492 தமிழர்கள் வந்தார்கள். இந்த முறை தடுப்புக்காவல். பிள்ளையோடு வந்த தாய்மார்களுக்கும் அதே கதி, பலர் மாதக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். அப்போது ரேடியோவில் கேட்ட பேச்சை என் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா இன்றைக்கும் மறக்கவில்லை.

இன்னும் பின்னால் போனால் 1914-இல் கோமகட்டா மாரு. பெரும்பாலும் பஞ்சாபியரான 376 பேர் வந்த கப்பலை வான்கூவர் துறைமுகத்தில் இரண்டு மாதம் நிறுத்திவைத்து, பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு நாடாளுமன்றத்தில் மன்னிப்பு 2016-இல் வந்தது. 102 வருஷம் கழித்து! கதவு திறப்பதும் மூடுவதும் அந்தந்த நேரத்து அரசியலைப் பொறுத்தது, ஐயா.

பிரெஞ்சு தெரியாமல் கனடாவில் பிழைக்க முடியாதாமே?
– வாசகி, புதுச்சேரி

கியூபெக் மாகாணத்தில் குடியேறினால் அவசியம் கற்றுக்கொள்ளுங்கள். அங்கே கடைப் பலகைவரைக்கும் பிரெஞ்சு வேண்டும் என்று 1977-லிருந்து சட்டம் இருக்கிறது. மற்ற இடங்களில் சோப்பு உறையிலும் விமான நிலைய அறிவிப்பிலும் பிரெஞ்சைப் பார்ப்பீர்கள், கேட்பீர்கள், அவ்வளவுதான். 2021 கணக்கெடுப்பின்படி ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் பேசத் தெரிந்தவர்கள் 18 சதவீதம் பேர். புதுச்சேரிக்காரரான உங்களுக்குத் தெரிந்த பிரெஞ்சு ஸ்கார்பரோவில் என்னைவிட அதிகமாகவே இருக்கும்.

மருத்துவம் முழுக்க இலவசம் என்பது உண்மைதானே?
– ஓய்வுபெற்ற ஊழியர், ஈரோடு

பாதி உண்மை. டாக்டரைப் பார்ப்பதற்கும் ஆஸ்பத்திரியில் படுப்பதற்கும் பில் வராது. என் கணவருக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது நாங்கள் கட்டியது கார் நிறுத்தும் கட்டணம் மட்டும். அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் வெளியே வாங்கும் மருந்து, பல், கண்ணாடி இதெல்லாம் பொதுத் திட்டத்தில் சேராது. வேலை கொடுத்தவர் காப்பீடு தந்தால் உண்டு. முதியவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் சில தனித் திட்டங்கள் இருக்கின்றன. நான் பல் கட்ட இங்கே கேட்ட தொகையைப் பார்த்துவிட்டு, பாளையங்கோட்டைக்கு டிக்கெட் போட்டு, அங்கே கட்டிக்கொண்டு, ஒரு கல்யாணத்தையும் பார்த்துவிட்டு வந்தேன். அவசரமில்லாத சிகிச்சைக்குக் காத்திருப்பது வேறு. வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒன்டாரியோ அரசுக் காப்பீடு கிடையாது. கல்லூரி வழியாகவோ தனியாகவோ கட்டணக் காப்பீடு எடுத்தாக வேண்டும். தேனி அம்மாவும் இதைக் கவனிக்கவும்.

மேப்பிள் சிரப் இல்லாமல் கனடாக்காரர்கள் சாப்பிடுவதில்லையா?
– வாசகர், உடன்குடி

எங்கள் வீட்டில் ஒரு பாட்டில் வருஷக்கணக்கில் இருக்கிறது. ஆனால் உடன்குடியிலிருந்து கேட்டதால் சொல்கிறேன்: நம் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவது மாதிரிதான். வசந்தம் தொடங்கும்போது மரத்தில் துளை போட்டுச் சாறு வடித்து, 40 லிட்டரைக் காய்ச்சினால் 1 லிட்டர் கிடைக்கும். உலக உற்பத்தியில் பெரும்பகுதி கியூபெக்கிலிருந்து வருகிறது. அங்கே உற்பத்தியாளர்கள் கிடங்கில் இருப்பு வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து சுமார் 3,000 டன் சிரப் திருடு போனது 2012-இல் தெரியவந்தது. பீப்பாய்களில் தண்ணீரை நிரப்பி வைத்திருந்தார்களாம்.

ஹாக்கிதானே அவர்களுக்கு எல்லாம்?
– கல்லூரி மாணவர், கோவில்பட்டி

ஐஸ் ஹாக்கி, தம்பி, உங்கள் ஊர் ஹாக்கி இல்லை. 1994 சட்டப்படி அது குளிர்கால தேசிய விளையாட்டு. கோடைக்கு லக்ராஸ், வலை கட்டிய கம்பால் பந்தைப் பிடித்து எறிந்து ஆடுவது. டொராண்டோ அணி 1967-க்குப் பிறகு ஐஸ் ஹாக்கியின் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பையை வாங்கவில்லை, ஆனாலும் டிக்கெட் கிடைக்காது. இன்னொன்று: முதல் சர்வதேச கிரிக்கெட் ஆட்டம் 1844-இல் நியூயார்க்கில் நடந்தது. ஆடியது கனடாவும் அமெரிக்காவும். ஜெயித்தது கனடா.

அமெரிக்கர்களும் கனடாக்காரர்களும் ஒன்றுதானே?
– வணிகர், மதுரை

இதை இங்கே வந்து சத்தமாகக் கேட்டுவிடாதீர்கள். 2025 பிப்ரவரியில், அமெரிக்க அதிபரின் வரி மிரட்டலும் கனடாவை ‘51-ஆவது மாநிலம்’ ஆக்கும் பேச்சும் கிளம்பியபோது, ஹாக்கி அரங்குகளில் அமெரிக்க தேசிய கீதத்துக்கே கூச்சல் போட்டார்கள், அதே மரியாதைக்காரர்கள். மார்ச்சில் ஒன்டாரியோ அரசு மதுக்கடைகளில் அமெரிக்கச் சரக்கை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டார்கள். என் பேரன் ஆரஞ்சுப் பழத்தைத் திருப்பித் திருப்பி எந்த நாடு என்று பார்த்துத்தான் வாங்கினான். அவன் பிறந்தது இங்கே. 2021 கணக்குப்படி நாட்டில் 23 சதவீதம் பேர் வெளியில் பிறந்து குடியேறியவர்கள், என்னைப் போல. கனடாக்காரர் என்றால் வெள்ளைக்காரர் என்ற எண்ணத்தையும் இதோடு விட்டுவிடுங்கள்.

அங்கே வீட்டுக் கதவைப் பூட்டவே மாட்டார்களாமே?
– வாசகி, தஞ்சாவூர்

வடக்கே சர்ச்சில் என்ற ஊரில் கார்க் கதவைப் பூட்டாமல் விடுவார்கள். திடீரென்று துருவக்கரடி வந்தால் தெருவில் போகிறவர் ஏறிக்கொள்ளலாம் என்பதற்காக. டொராண்டோவில் நிலைமை வேறு. கார்த் திருட்டு பெருகி, அதற்கென்றே 2024 பிப்ரவரியில் தலைநகர் ஒட்டாவாவில் தேசிய மாநாடு கூட்டினார்கள். அந்தச் சமயத்தில் டொராண்டோ போலீஸ்காரர் ஒருவர் பொதுக்கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னார்: கார் சாவியை வாசல் கதவுப் பக்கமே வைத்துவிடுங்கள், திருடன் வீட்டுக்குள் வந்து உங்களைத் தாக்காமல் எடுத்துக்கொண்டு போய்விடுவான். ஊரே சிரித்தது. நான் இரண்டு பூட்டுப் போடுகிறேன், சாவி தலையணைக்கு அடியில்.