எந்தப் புதூர்?

கேள்வி: கார்ப் பந்தய வீரர் வில்நெவ் பெயரில் பிரான்சில் ஊர்களும் இருக்கின்றனவே, அவருடைய முன்னோர்கள் ஜமீன்தார்களா? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: ஜமீன் வரை போகவேண்டாம். பிரெஞ்சில் ‘வில்’ என்றால் ஊர், ‘நெவ்’ என்றால் புது. நம் புதூர்தான்! செங்கோட்டைப் பக்கம் ஒன்று, விளாத்திகுளம் பக்கம் ஒன்று என்று இங்கே புதூர்கள் கிடப்பதுபோல அங்கே வில்நெவ்கள். முப்பது வருடம் தபால் பிரித்தவன் நான். வெறுமனே ‘புதூர்’ என்று எழுதிய கார்டைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். ஒரு கல்யாணப் பத்திரிகையை நானே கட்டு மாற்றிப் போட்டு, தாலி கட்டிப் பத்து நாள் கழித்துத்தான் அது போய்ச் சேர்ந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் ஊர்ப் பெயரிலேயே அடையாளம் வைத்துவிட்டார்கள். ‘வில்நெவ் லெ அவின்யோன்’ என்பதில் வரும் ‘லெ’, பக்கம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அவின்யோன் பக்கத்துப் புதூர்! ரோன் ஆற்றுக்கு அக்கரையில் அவின்யோன், இக்கரையில் இந்த ஊர்; திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் போல. நான்காம் பிலிப் மன்னர் கட்டிய கோபுரம் கரையில் இன்னும் நிற்கிறது. லொட் ஆற்றங்கரையில் இன்னொரு வில்நெவ்.

நீங்கள் சொல்லும் ழில் வில்நெவ் கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்தவர். 1982இல் பெல்ஜியத்தில் பந்தயத் தளத்தில் விபத்துக்குள்ளாகி, அன்றே மருத்துவமனையில் இறந்தார். மான்ட்ரியால் பந்தயத் தளம் இப்போது அவர் பெயரில் இருக்கிறது. மகன் ழாக் 1997இல் உலக சாம்பியன். 1805இல் டிராஃபல்கர் கடற்போரில் நெல்சனிடம் தோற்ற பிரெஞ்சுத் தளபதியும் ஒரு வில்நெவ்தான். (உங்கள் பாளையங்கோட்டையில் தெருவுக்கு ஒரு நெல்சன் உண்டு, வில்நெவ் ஒருவரும் இல்லை. ஜெயித்தவன் பெயரைத்தானே வைப்பார்கள்!)

ஊர்ப் பெயர் ஆளோடு ஒட்டுவது ஊரைவிட்டு வெளியேறிய பிறகுதான். புதூரிலிருந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவரைச் சாகும்வரை ‘புதூர் ஆச்சி’ என்றோம். சொந்தப் பெயர் சுப்பம்மாள் என்பதே, ரேஷன் கார்டைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. புதூரில் அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அங்கே எல்லோருமே புதூர்தானே.

கேள்வி: அந்த ஊர்கள் எல்லாம் இன்னுமா புதிது? (அதே வாசகர்)

பதில்: அவின்யோன் பக்கத்துப் புதூருக்கு எழுநூறு வயது தாண்டிவிட்டது. லீல் நகரத்துக்கு அருகே மூன்று ஊர்களைச் சேர்த்து 1970இல் ஒரு புது ஊர் உண்டாக்கினார்கள். அதற்கும் வில்நெவ் என்றே பெயர் வைத்தார்கள். தபால்காரர் பாடு யாருக்குத் தெரிகிறது!