தோப்பை அடமானம் வைத்து ஒரு கோர்ஸ் வேண்டாம்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகள் பி.எஸ்சி. புள்ளியியல் கடைசி வருடம். கோவையில் இருக்கும் உங்கள் தம்பி டேட்டா சயின்ஸ் கோர்ஸில் சேர்க்கச் சொல்கிறார். அதன் கட்டணத்துக்குத் தென்னந்தோப்பை அடமானம் வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானதுதான். ஆனால் தோப்பில் கை வைக்காதீர்கள். மூன்று வருடம் புள்ளியியல் படித்தவளுக்கு அந்தக் கோர்ஸில் பாதி பழைய பாடமாகவே இருக்கும். 'வேலை உத்தரவாதம்' என்கிறார்களே, வேலை கிடைக்காவிட்டால் பணம் வாபஸ் என்று எழுதித் தருவார்களா, கேட்டுப் பாருங்கள்.

பி.எட்., வங்கித் தேர்வு பற்றி உங்கள் தெருவிலேயே ஆள் இருப்பார்கள். நான் பேச நினைப்பது, நீங்கள் கடிதத்தின் கடைசியில் குறையாகச் சொன்னதைப் பற்றி: சர்க்கரை நோயாளிகளும் அவர்கள் மனைவிமாரும் என்று ஏதோ ப்ராஜெக்ட், ராத்திரியெல்லாம் அதிலேயே கிடக்கிறாள், எதற்கு உதவும்?

உதவும். நூறு தம்பதிகளிடம் கேட்டால் இருநூறு பதில் கிடைக்கும். ஆனால் அவை இருநூறு தனி ஆட்களின் பதில் ஆகாது. ஒரே வீடு, ஒரே கடன், ஒரே சமையல். ஒருவர் பதிலில் மற்றவர் சாயல் இருக்கும். இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் சாதாரண டி-டெஸ்டும், ஒன்று மாறினால் மற்றது எவ்வளவு மாறும் என்று பார்க்கும் ரிக்ரஷனும் ஒருவர் பதில் இன்னொருவரைச் சாராது என்ற நம்பிக்கையில் போடும் கணக்குகள். தம்பதியரிடம் அப்படியே போட்டால் இல்லாத தொடர்பு இருப்பதாகக் காட்டும், சில சமயம் இருப்பதை மறைத்துவிடும். இதைச் சரிசெய்யும் முறைகளுக்கு டயாடிக் டேட்டா அனாலிசிஸ், அதாவது ஜோடிகளின் தரவை ஆராய்வது, என்று பெயர். டேவிட் கென்னி, டெபோரா காஷி, வில்லியம் குக் மூவரும் 2006இல் எழுதிய புத்தகம் இதில் முக்கியமான பாடநூல்.

கணவரின் கவலை அவர் தூக்கத்தைக் கெடுப்பது ஒரு பாதை, அதே கவலை மனைவியின் தூக்கத்தைக் கெடுப்பது இன்னொரு பாதை. மனைவி பக்கமும் இப்படி இரண்டு. நான்கையும் ஒரே நேரத்தில் மதிப்பிடுவதுதான் ஆக்டர்-பார்ட்னர் மாடல். மகளின் எக்செல் தாளை எட்டிப் பாருங்கள். தம்பதிக்கு ஒரு வரியாக இருந்ததை ஆளுக்கொரு வரியாக்கி, ஒவ்வொன்றிலும் தன் கவலை, துணையின் கவலை, தன் தூக்கம் என்று அடுக்கியிருப்பாள். பொறுமை வேண்டிய வேலை. கணவன் மனைவி என்றால் யார் யாரென்று பிரித்துவிடலாம். இரட்டைச் சகோதரிகள் என்றால் யாரை முதலில் வைப்பது? அதற்குக் கணக்கே வேறு.

செலவு? புள்ளியியல் கணக்குப் போடும் ஆர் மென்பொருள் இலவசம், அதற்குள் சேர்த்துக்கொள்ளும் லாவான், என்.எல்.எம்.இ. தொகுப்புகளும் இலவசம். வீட்டு லேப்டாப் போதும். தேசியக் குடும்பநல ஆய்வில் (2019-21) கணவன், மனைவி இருவரும் தனித்தனியே சொன்ன பதில்களைச் சேர்த்துத் தம்பதியருக்கென்றே தனிக் கோப்பு உண்டு. பழகுவதற்கு அதைவிட என்ன வேண்டும்?

ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தப் பெயரில் வேலை விளம்பரம் வராது. முதலில் எம்.எஸ்சி. பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் (மருத்துவ, உயிரியல் ஆய்வுகளுக்கான புள்ளியியல்) முடிக்கட்டும். வேலூர் சி.எம்.சி.யில் இருக்கிறது, மும்பையின் மக்கள்தொகை ஆய்வு நிறுவனமான ஐ.ஐ.பி.எஸ்.ஸில் மக்கள்தொகையியலோடு சேர்த்து இருக்கிறது. ஒரே வீடு, ஒரே ஊர் என்று கூட்டமாக வரும் தரவைக் கையாளும் மல்டிலெவல் மாடலிங் அங்கே கைவந்தால், அதற்கு மேல் இந்தப் பயிற்சியைப் பட்டறைகளில் எடுத்துக்கொள்ளலாம். மருத்துவக் கல்லூரி ஆய்வுகளிலும் மனநல ஆய்வுகளிலும் கிடைப்பவை பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள், ஆரம்பச் சம்பளமும் சுமார்தான். ஆனால் டி-டெஸ்ட் போடத் தெரிந்தவர்கள் நிறைய, இது தெரிந்தவர்கள் குறைவு.

மகளிடம் ஒன்று கேளுங்கள். அவளைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கணக்கா, அந்த வீடுகளின் கதையா? கதை என்றால் சைக்காலஜிக்குப் போகட்டும், அதற்கும் குறுக்கே நிற்காதீர்கள். தாய்மாமன் கேட்கவேண்டியது இதைத்தான், எந்தக் கோர்ஸில் சேருவாய் என்றல்ல. தம்பியிடம் சொல்லச் சங்கடமாக இருந்தால் என்னிடம் பேசச் சொல்லுங்கள். அதுவரை முன்பணம் என்று ஒரு ரூபாயும் கட்டிவிடாதீர்கள்.