ரக்பி ஆடும் பிள்ளையின் படிப்பு: டோனி ஓ'ரைலியின் கணக்கு

மைதானமே கதியென்று கிடக்கும் மகனை ஆட்டத்திலிருந்து இழுத்துப் பிடிப்பதா, விட்டுவிடுவதா என்று தவிக்கும் பெற்றோரே, ரக்பி வீரராக இருந்து பெரிய நிறுவனத் தலைவரான அயர்லாந்தின் டோனி ஓ'ரைலி எந்த வயதில் என்ன செய்தார் என்று கொஞ்சம் பாருங்கள்.

1936இல் டப்ளினில் பிறந்தவர். 1955இல், 18 வயதில், அயர்லாந்து ரக்பி அணிக்குள் வந்தார். அதே ஆண்டு, பிரிட்டன், அயர்லாந்து வீரர்களைச் சேர்த்து அமைக்கும் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணியோடு தென்னாப்பிரிக்கா போனார். 1959இல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும். இரண்டு பயணத்திலும் சேர்த்து 38 ட்ரை (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) போட்டார். லயன்ஸ் வரலாற்றில் இது சாதனை.

இத்தனைக்கும் சம்பளம் கிடையாது. ரக்பி யூனியன் என்ற, 15 பேர் ஆடும் இந்த ரக்பி வகையில் ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுக்க அனுமதி வந்ததே 1995இல்தான். அதனால் அவர் டப்ளினில் சட்டம் படித்து, 1958இல் சொலிசிட்டராக (வழக்கறிஞர்களில் ஒரு வகை) தகுதி பெற்றார். முதல் லயன்ஸ் பயணத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவிலேயே தொழில் தகுதி கைக்கு வந்துவிட்டது. உங்கள் மகனுக்கு நான் சொல்வதும் இந்த வரிசைதான்: 18 முதல் 22 வயதுக்குள் பட்டத்தை முடித்துவிட வேண்டும். ஆட்டம் முடிந்தபின் படிக்கலாம் என்று தள்ளிப்போட்டவர்களை, முழங்காலோ தோள்பட்டையோ பாதியில் உட்காரவைத்துவிடுகிறது.

1962இல் அயர்லாந்து பால்பொருள் வாரியத்தை நடத்தும் பொறுப்பு வந்தது. அதுவரை அயர்லாந்து வெண்ணெய் மொத்தமாகப் பிரிட்டனுக்குப் போய், அங்கே வேறு லேபிளில் கலந்து விற்பனையானது. அதற்குக் கெர்ரிகோல்ட் என்று சொந்தப் பெயர் கொடுத்து, விளம்பரம் செய்து, கடையில் வைத்தார்கள். ரக்பிப் புகழ் வாசலைத் திறந்திருக்கலாம். உள்ளே நிற்கவைத்தது இந்த வேலை. பிறகு அரசுச் சர்க்கரை நிறுவனம், 1969இல் ஹைன்ஸ் என்ற அமெரிக்க உணவு நிறுவனத்தின் பிரிட்டன் கிளை, 1979இல் மொத்த ஹைன்ஸுக்கும் தலைமைச் செயல் அதிகாரி. 1987இல் ஹைன்ஸ் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த முதல் சேர்மன் ஆனார். நடுவில் 1980இல் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விவசாயச் சந்தைப்படுத்தலில் முனைவர் பட்டமும் வாங்கினார். அந்த உயரத்தில் இருந்தவர் ஆய்வேட்டுக்கு உட்கார்ந்தார் என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

சறுக்கலையும் மறைக்கக் கூடாது. வாட்டர்ஃபோர்டு வெட்ஜ்வுட் என்ற கண்ணாடி, பீங்கான் நிறுவனம் நஷ்டத்தில் ஓடியபோது சொந்தப் பணத்தைத் திரும்பத் திரும்ப உள்ளே கொட்டினார். 2009 ஜனவரியில் அது ரிசீவர் (கடன் கொடுத்தவர்களின் பணத்தை மீட்க நிறுவனத்தைப் பொறுப்பில் எடுப்பவர்) கைக்குப் போனது. 2015இல் அவரே திவாலானார். தோற்கும் ஆட்டத்தில் கடைசி நிமிடம்வரை ஓடுவது மைதானத்தில் நல்ல குணம். தொழிலில் "இதற்குமேல் ஒரு ரூபாய் போடமாட்டேன்" என்ற வரம்பை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். விளையாட்டுப் பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. பி.காம் படித்தாலும் பொறியியல் படித்தாலும், ஒரு நிறுவனத்தின் ரொக்க வரவு செலவு அறிக்கையைப் படிக்கத் தெரிந்துகொள்ளட்டும்.

கல்லூரி சேரும்போதே வருகைப்பதிவுச் சலுகை எத்தனை நாள், போட்டி நாளில் தேர்வு வந்தால் மறுதேர்வு உண்டா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். போட்டிகள் இல்லாத மாதங்களில் ஆறு வாரமாவது இன்டர்ன்ஷிப் போகட்டும். பயோடேட்டாவில் "அணி கேப்டன்" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. எத்தனை பேரை, எத்தனை மாதம் நடத்தினான், பயண ஏற்பாட்டில் எதைப் பார்த்துக்கொண்டான் என்று எழுதச் சொல்லுங்கள்.

மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் ரக்பியும் இருக்கிறது. அதற்கான சான்றிதழ், தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடினால் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் 3. போட்டி முடிந்த அதே மாதம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். சங்க நிர்வாகிகள் மாறிவிட்டால், பழைய போட்டிக்குக் கையெழுத்து கேட்டு அலைய வேண்டிவரும்.